ஓர் ஆணிக்கு ஒரு வில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, எனக்கு முழங்கால் வலி விடவில்லை, மற்றபடி குறையில்லை. அடுத்து நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. நான் கேட்கப்போவதில்லை, சுகமில்லை என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். போனை அணைத்துவிட்டால் அம்மாவின் வாயையும் அணைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாய் போலிருக்கிறது, தாள் பேனா என்று இரண்டு சாமான் உலகத்தில் இருப்பது மறந்துபோய்விட்டது உனக்கு.

உன்னோடு ஒரே வீட்டில் இருந்தாளே, அந்தக் கரகரத்த குரல் பெண், அவள் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தாள். நீ அந்த வீட்டை விட்டுத் தனியறைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறதாமே. ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டாயாம், காலை நடையை நிறுத்திவிட்டாயாம், அவளோடு சேர்ந்து படிப்பது நேர விரயம் என்று சொல்லிவிட்டாயாம், நீங்கள் இருவரும் மடியில் வைத்துக்கொண்டு பல்லைத் தொட்டுத் தொட்டுச் சண்டை போடுவீர்களே, பல் படிப்புக்கு வாங்கிய அந்த மாவுக்கட்டுத் தாடை, அதையும் அவளிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாயாம். இருட்டறை, ஒரு திரை, ஒரு நாற்காலி, நடுவில் நீ. அடேயப்பா, பெரிய தவம்தான். அடியே, மூளை என்ன ஊறுகாயா, ஜாடியில் போட்டு வாயைக் கட்டி மூலையில் வைப்பதற்கு? இப்படி ஒரு மாதம் ஊறின பிறகு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்ததில் போன தடவையைவிடப் பதினெட்டு மார்க் குறைவு என்றும் அவள்தான் சொன்னாள். அங்கே பல் வைத்தியம் பார்க்க உரிமம் கொடுக்கிற நிஜத் தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம். இது மூன்றாவது தடவை, இதிலும் கவிழ்ந்தால் அந்த நாட்டில் நாலாவது தடவை கிடையாது, அப்புறம் ஆயுசுக்கும் அங்கே ஒருத்தர் வாய்க்குள்ளும் நீ கை வைக்க முடியாது, அடுத்தவர் பல் பிடுங்கிய சாமான்களைக் கழுவி வைக்கிற வேலைதான், ஒன்பது வருஷம் படித்த படிப்புக்கு. இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன. தெரிந்துதான் பயந்து போய் வளைக்குள் புகுந்திருக்கிறாய், அதற்குக் கவனம் என்று ஒரு பெயர் வேறு.

இந்த அருமையான யோசனையை உனக்குக் கொடுத்த மகான் யார் என்றும் தெரியும், உன் சித்தப்பாதான். கவனத்தைக் குவிக்க வகுப்புக்குப் போகிறாராம், வெளியே ஒரு சத்தமும் உள்ளே வராமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் மூளை விளையும் என்று போனில் உனக்கு ஒரு மணி நேரம் ஓதியிருக்கிறார். போன மாதம் இப்படித்தான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், மாடித் தொட்டி நிரம்பி வழிந்து படி வழியாகத் தண்ணீர் இறங்கி அவர் உட்கார்ந்திருந்த பாய்க்கே வந்துவிட்டது, பின்பக்கம் நனைந்த பிறகுதான் மகானுக்கு ஞானம் வந்தது. சித்தி இரண்டு வாளி பிழிந்தாளாம். அந்த மனிதர் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நீ ஜன்னலுக்குத் தாள் ஒட்டுகிறாய். உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

சரி, அவரை விடு. அவரைவிடப் பெரிய முட்டாள் ஒருத்தி கதையைச் சொல்கிறேன், படித்துவிட்டு நன்றாகச் சிரி, அது நான்தான். எங்கள் டெப்போவுக்குப் புது மேலாளர் வந்திருப்பதைச் சொன்னேன் அல்லவா. பஸ் டெப்போவில் சட்டை கசங்காமல் வேலை பார்க்கிற முதல் ஆளை என் சர்வீஸில் இப்போதுதான் பார்க்கிறேன், டயர் பக்கமே போகமாட்டார், டீசல் வாசனைக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார். வந்த இரண்டாம் வாரம் என்னைக் கூப்பிட்டு, மேடம், உங்க தலைக்குள்ள இருக்கிறது பொக்கிஷம், அதைப் போய் இந்தச் சத்தத்துலயும் புகையிலயும் வச்சிருக்கலாமா என்றார். நான் அப்படியே குளிர்ந்துபோய்விட்டேன். இருபத்தாறு வருஷமாக நூற்றுப் பதினெட்டு டிரைவர்களுக்கு டூட்டி போடுகிறவளிடம் ஒருத்தர்கூட இப்படிச் சொன்னதில்லையே. ஆமாம் சார், எல்லாம் தலைக்குள்ளதான் சார் இருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன், வெட்கங்கெட்டவள். மறுவாரமே என் பழைய அறையிலிருந்த பலகையைக் கழற்றிவிட்டார்கள். மாடியில் கண்ணாடி போட்டு ஓர் அறை, சக்கரம் வைத்த நாற்காலி, திரை, குளிர்சாதனம், கதவுக்கு மேலே சிந்தனை அறை, உள்ளே வரக் கூடாது என்று ஒரு போர்டு. பஸ் டெப்போவில் சிந்தனை அறை! டிரைவர்கள் கீழே நின்று என்னை மீன் தொட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பலகையை நீ சின்ன வயதில் ஒரு தரம் பார்த்திருக்கிறாய், நினைவிருக்காது. சுவர் நீளத்துக்கு இருக்கும், ஒரு வண்டிக்கு ஓர் ஆணி, இடது கோடியில் விடிந்ததும் கிளம்புகிற வண்டி, வலது கோடியில் கடைசி வண்டி. ஒரு டிரைவருக்கு ஒரு தகர வில்லை, மேலே அவர் எண். யாருக்கு எந்த வண்டியோ அந்த வாரம் முழுக்க அதுதான். வியாழக்கிழமை வில்லைகளை எல்லாம் கையில் அள்ளிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன், ஒரு நடைக்கு இருபத்திரண்டு அடி. எங்கே மாட்டுவது என்று தெரியாத ஆளின் வில்லை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருண்டுகொண்டே இருக்கும், நடக்க நடக்க இடம் கிடைத்துவிடும். உள்ளங்கையில் இருக்கிற கனத்தை வைத்தே இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று சொல்லிவிடுவேன். ஏதாவது தப்பாக மாட்டியிருந்தால் பலகையை விட்டு நகரும்போது அடிவயிற்றில் ஒரு பிசைவு வரும், என்ன தப்பு என்று எனக்கே தெரியாது, வயிற்றுக்குத் தெரிந்துவிடும், திரும்பிப் போய் முதல் ஆணியிலிருந்து பார்ப்பேன். இதையெல்லாம் வேலை என்று நான் எண்ணியதே இல்லை, ஏதோ கால் பழக்கம் கைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு, யோசிக்கிறது தலை மட்டும்தான் என்று இறுமாப்போடு திரிந்தேன்.

இதில் டயர் ஷெட் மேஸ்திரி ஒருத்தர் உண்டு, டெப்போ முழுக்க அவருக்குக் குறுக்குக்கேள்வி என்றுதான் பெயர். வியாழக்கிழமை தவறாமல் டீ கிளாஸோடு வந்து என் கதவில் சாய்ந்துகொண்டு நின்று நொட்டை சொல்வார். நாப்பத்தேழை ஏம்மா மலைப்பாதையில போட்டீங்க, அவன் பொண்டாட்டி நிறைமாசமில்ல, போனே எடுக்காத பாதையாச்சே அது என்பார். உங்க வேலை டயருக்குக் காத்தடிக்கிறது, இங்க வந்து அடிக்காதீங்க என்று எரிந்து விழுவேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவர் தலை மறைந்ததும் நாற்பத்தேழாம் வில்லையைச் சத்தமில்லாமல் கழற்றி வேறு ஆணியில் மாட்டுவேன், அவர் பார்த்துவிடக் கூடாது. இருபது வருஷம் இப்படித்தான். வேலைவெட்டி இல்லாத ஆள், டீ குடிக்க இடம் தேடி வருகிறார் என்று உன் அப்பாவிடம் வாரா வாரம் புலம்பியிருக்கிறேன். கண்ணாடி அறைக்குள் போனதும் தொல்லை விட்டது என்றுகூட நினைத்தேன், இந்த வாயால்தான் அதையும் சொன்னேன்.

முதல் வியாழக்கிழமை கண்ணாடி அறையில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன், நெற்றியைத் தேய்த்தேன், பொக்கிஷத்தைத் தோண்டினேன். ஒன்றும் வரவில்லை. முப்பது நாற்பது ஆள் வரைக்கும் வந்தது, அதற்கப்புறம் யாரை எங்கே போட்டேன் என்று எல்லாம் கலங்கிவிட்டது. எழுந்து நடக்கலாம் என்றால் நாலு எட்டில் கண்ணாடி இடிக்கிறது. எப்படியோ எண்களை அடித்து முடித்தேன், முடிக்கும்போது அந்தப் பிசைவு வந்தது, மத்தியானம் சாப்பிட்டது சரியில்லை என்று அதையும் அலட்சியம் செய்துவிட்டு அனுப்பிவிட்டேன். முப்பத்தொன்றாம் எண் டிரைவரைப் பாலம் வழியாகப் போகிற வண்டிக்கும் போட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரி வண்டிக்கும் போட்டிருக்கிறேன், இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்புகிறவை. தகர வில்லை இரண்டு ஆணியில் தொங்காது மகளே, தொங்கவே தொங்காது, நான் தூக்கத்தில் மாட்டினாலும் அந்தத் தப்பு நடந்திருக்காது. திரையில் ஒரே எண்ணை நூறு இடத்தில் அடி, அது வாயே திறக்காது. எண்பத்தெட்டாம் எண்ணுக்கு டூட்டியே இல்லை, அந்த மனிதர் சந்தோஷமாக மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை முப்பத்தொன்று பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட பாலத்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரி வண்டி ஆளில்லாமல் நின்றது. அந்த வண்டியில் டயாலிசிஸ் செய்துகொள்ளப் போகிறவர்கள் ஏழு பேர் உண்டு, வாரம் மூன்று நாள். வேறு டிரைவரைத் தேடிப் பிடித்து அனுப்ப ஒரு மணி இருபது நிமிஷம் ஆனது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், கால் இரண்டும் வீங்கிப்போன ஓர் அம்மா நிற்க முடியாமல் டெப்போ வாசல் பஸ் மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே இறங்கிப் போய் ஒரு நாற்காலி போட எனக்குத் தோன்றவில்லை பார். மத்தியானமே பட்டியலைப் பார்த்துத் தப்பு என்னுடையது என்று தெரிந்துகொண்டேன். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மேலாளர் பட்டியலை ஒழுங்காகப் படித்தால்தானே, ஆஸ்பத்திரி வண்டிக்கு நேராக முப்பத்தொன்று என்று இருக்கிறது, ஆள் ஏறவில்லை, எனவே வேலைக்கு வராதவர் என்று அந்தப் பாவப்பட்ட மனிதருக்கு மெமோ கொடுத்துவிட்டார். அவர் அதிர்ந்து பேசத் தெரியாதவர், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். மூன்று நாள், மகளே, மூன்று நாள் நான் சும்மா இருந்தேன். பொக்கிஷம் என்று சொல்லிவிட்டார்களே, அதில் ஓட்டை என்று எப்படிச் சொல்வது? த்தூ, என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை குறுக்குக்கேள்வி மாடியேறி வந்தார். போர்டைப் படித்தார், உள்ளே வரவில்லை. வெளியே நின்று என்னவோ கேட்டார், கண்ணாடியில் ஒன்றும் கேட்கவில்லை. டயர் மசி படிந்த விரலால் கண்ணாடியிலேயே 31 என்று எழுதினார், பக்கத்தில் இன்னொரு 31 எழுதினார், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. மேலாளரிடம் போய்த் தப்பு என்னுடையது, அந்த டிரைவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். அவருக்கு முதலில் வந்த கவலை என்ன தெரியுமா, கண்ணாடியில் மசியைத் தடவியது யார் என்பது. ஆளை விட்டுத் துடைக்கச் சொன்ன பிறகுதான் நான் சொன்னது காதில் ஏறியது. மெமோ என் பேருக்கு மாறியது, முப்பத்தொன்றிடம் மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லக்கா என்று ஒரு வார்த்தை சொன்னார், அது கன்னத்தில் நான்கு அறை விழுந்ததற்குச் சமம். பலகையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். பழைய முறைக்குத் திரும்ப முடியாது மேடம், நீங்க இன்னும் கொஞ்சம் கவனமா உக்காந்து பழகணும் என்றார். இப்போது உன் சித்தப்பா ஞாபகம் வருகிறதா?

பலகையைக் காயலான் கடைக்கு ஏற்றாமல் குறுக்குக்கேள்வி தன் ஷெட்டிலேயே சாத்தி வைத்திருந்தார், வில்லைகளை ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தார். போய் நின்றேன். இத்தனை வருஷம் என் பட்டியல் நின்றது உங்கள் கேள்வியால்தான் என்று சொன்னேன். அப்ப எதுக்கும்மா இத்தனை வருஷம் திட்டினீங்க என்றார், அதுவும் கேள்விதான். இப்போது வியாழக்கிழமை சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு டயர்களுக்கு நடுவே நின்று டூட்டி போடுகிறேன், அவர் பக்கத்தில் நின்று நச்சரிக்கிறார், நானும் பதிலுக்குக் கத்துகிறேன், பிறகு மாடிக்குப் போய் அரை மணியில் அப்படியே அடித்துக் கொடுத்துவிடுகிறேன். மூன்று வாரமாக ஒரு தப்பு இல்லை. மேலாளர் பூரித்துப்போய்ச் சிந்தனை அறைதான் காரணம் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார், போன செவ்வாய் நாலு பேரைக் கூட்டிவந்து கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி என்னைக் காட்டினார். நானும் நெற்றியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கொடுத்தேன், போகட்டும் பாவம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நீ இருப்பதும் அந்தக் கண்ணாடி அறைதான், உனக்கு வெளியே தெரிகிற கண்ணாடிகூட இல்லை. முப்பத்திரண்டு பல்லின் வேரும் நரம்பும் நீ மனப்பாடம் செய்து படித்தவளா? ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத்தானே படித்தாய், என் நாக்கால் என் பல்லையே எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் எழுதினேன் என்று முதல் வருஷம் நீயே சிரித்துக்கொண்டு சொல்லவில்லையா? அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவள் ஏன் ஏன் என்று உயிரை வாங்குவாள், பாதி பாடம் அப்போதுதான் உனக்கே புரிந்தது என்றும் நீதான் சொன்னாய். அவள் என்ன உன்னைவிடக் கெட்டிக்காரியா, இல்லை, அதனால் என்ன, எங்கள் மேஸ்திரிக்கு ஒரு பட்டியல் போடத் தெரியாது. முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடு. காலையில் நட, நடக்கும்போது வாய்விட்டுச் சொல், பைத்தியம் என்று பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், அவர்களா வந்து உன் தேர்வை எழுதப்போகிறார்கள். தாடையை மடியில் வை. ஒரு கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு நகரும்போது வயிற்றைப் பிசைந்தால் நகராதே, அது சாப்பாடு இல்லை.

இவ்வளவு நேரம் உன்னைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், ஊரையே திட்டினேன். ஒன்றை மட்டும் எழுத முடியாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் பெண் போனை வைக்கும் முன்னால் இன்னொன்றும் சொன்னாள். அவ ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அழுத்திக்கிட்டுத்தான் படிக்கிறா ஆன்ட்டி, ஏன்டின்னு கேட்டா சின்ன வயசுப் பழக்கம், இப்படி உக்காந்தாத்தான் மனசுக்குள்ள நிக்கும்னு சொல்றா என்றாள். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றேன். உனக்கு ஏழு வயது அப்போது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி ஓடி வாய்ப்பாடு சொல்வாய், கூட்டலுக்கு விரலை மடக்குவாய், உன் விரல் போதாவிட்டால் சவரம் செய்துகொண்டிருக்கிற அப்பாவின் விரலைப் போய்ப் பிடிப்பாய். கெட்டிக்காரப் பிள்ளைங்க விரல் விட்டு எண்ண மாட்டாங்க என்று உன் வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே உன்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைக்கச் சொல்லி, மனசுக்குள்ள போடு என்று ஸ்கேலோடு நின்றேன். வெளியே எடுத்தால் அடித்தேன். நீ அழுதுகொண்டே பதில் சொன்னாய். அந்த வருஷம் வகுப்பில் முதலாவதாக வந்தாய், பார்த்தாயா என்று மார்தட்டிக்கொண்டேன். அதே நாள்களில்தான் நான் கை நிறைய வில்லையோடு பலகைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவள், தகரத்தைத் தடவிப் பிழைக்கிறவள், என் மகளாவது கையை அழுக்காக்காமல் தலையால் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். என் வேலை எனக்கே கேவலமாக இருந்தது, அதற்கு உன் கையைப் பிடித்துக் கட்டினேன். சித்தப்பாவையும் மேலாளரையும் ஏசிவிட்டேன், உன்னை அந்த அறைக்குள் முதலில் உட்கார வைத்தது நான்தான். அம்மாவை மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, கையை எடு.

அப்பா உனக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னார், தேர்வு எப்படிப் போனாலும் நீ எங்கள் பிள்ளைதான் என்றும் எழுதச் சொன்னார், அது உனக்கே தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. நீ தொடுகிற ஒவ்வொரு வாயும் உன்னை வாழ்த்தட்டும், நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இரு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தை நான் உன் விலாசத்துக்கு அனுப்பவில்லை, அந்தக் கரகரத்த குரல்காரிக்கு அனுப்பினேன். கதவிடுக்கில் தள்ளியது அவள்தான். நீ படித்து முடிக்கிற வரைக்கும் தாடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். எழுந்து போய்க் கதவைத் திற.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா